அவுட்போர்டு என்ஜின் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பிடித்துக் கோளாறுக்குப் போகும் வழி

முட்டுக்காடு, கோவளம், பழவேற்காடு பக்கம் வாரக் கடைசியில் தூண்டில் போடவும் சும்மா ஒரு சுற்று வரவும் போகிற சின்ன ஃபைபர் படகுகளுக்காக எழுதியது இது. பின்பலகையில் 8 முதல் 40 குதிரைத்திறன் வரையிலான ஒரு பெட்ரோல் அவுட்போர்டு, ஒரு தனி டேங்க், நடுவில் ரப்பர் பல்பு வைத்த குழாய். இவ்வளவுதான் சாமான். "கார்புரேட்டர் போச்சுண்ணே" என்று தூக்கிக்கொண்டு வரும் என்ஜின்களில் பாதிக்கு மேல் கார்புரேட்டர் ஒழுங்காகவே இருக்கும். கோளாறு டேங்க் மூடியிலோ, குழாய் முனையிலோ, சிவப்புக் கயிற்றின் கிளிப்பிலோ உட்கார்ந்திருக்கும். அதனால் கீழே எல்லா இடத்திலும் வெளியிலிருந்து உள்ளே போகிற வரிசைதான். ஸ்பேனர் இல்லாமல் பார்க்கக்கூடியது முதலில், பணம் கேட்பது கடைசியில்.

## கை வைக்கும் முன்

தண்ணீரில் இருக்கும்போது என்ஜின் நின்றால் முதலில் நங்கூரத்தைப் போடுங்கள். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் என்றால் இதை யோசிக்கவே நேரம் எடுக்கக் கூடாது. நீங்கள் பிளக் கழற்றிக்கொண்டிருக்கும் நேரத்துக்குள் நீரோட்டம் படகை அலை உடையும் இடத்துக்குக் கொண்டுபோய்விடும். லைஃப் ஜாக்கெட் எல்லோர் உடம்பிலும் இருக்கட்டும். கடலில் மாட்டிக்கொண்டால் கடலோரக் காவல்படையின் எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீஸின் எண் 1093. இரண்டையும் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

புரொப்பல்லர் பக்கம் கை போகுமுன் கில் சுவிட்ச் கிளிப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுங்கள். சிவப்புக் கயிற்றின் முனையில் இருப்பது அது, கழன்றால் என்ஜின் ஓடாது. பெட்ரோல் குழாயைத் திறக்கும்போது பீடி, சிகரெட் யார் வாயிலும் வேண்டாம்.

படகில் எப்போதும் இருக்க வேண்டியவை: பிளக் ஸ்பேனர், புது பிளக் ஒரு செட், மாற்று கில் கிளிப், இரண்டு ஃபியூஸ், கட்டிங் பிளேயர், கத்தி, தடித்த தூண்டில் நரம்பு ஒரு முழம், மூடி போட்ட சின்னக் கண்ணாடி பாட்டில். பாட்டில் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

## சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை

கியர் நியூட்ரலில் இருக்கிறதா? கியரில் இருந்தால் ஸ்டார்ட் ஆகாதபடி பூட்டு வைத்திருப்பார்கள். நெம்புகோல் பார்வைக்கு நடுவில் இருந்தாலும் கேபிள் கொஞ்சம் தளர்ந்திருந்தால் பூட்டு விடுபடாது. முன்னும் பின்னும் ஒருமுறை ஆட்டி நடுவில் நிறுத்திப் பாருங்கள்.

பேட்டரி முனைகள். உப்புக் காற்றில் பச்சைப் பொடி பூப்பது சர்வசாதாரணம். கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்து, காயவைத்து இறுக்கி, மேலே வாசலின் பூசுங்கள். கையால் திருகும் காது நட்டு போட்டிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்பிரிங் வாஷரோடு சாதா நட்டு போடுங்கள். அலையில் குலுங்கும் படகில் காது நட்டு நிற்காது.

வோல்ட் பாருங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. சாவியைத் திருப்பும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தாக்குப்பிடிக்கவில்லை. சார்ஜ் ஏற்றியும் அதே கதை என்றால் மாற்ற வேண்டியதுதான்.

ஃபியூஸ். மேல்மூடியைத் திறந்தால் ஓரமாக இருக்கும். மாற்று ஃபியூஸையும் பல என்ஜின்களில் பக்கத்திலேயே சொருகி வைத்திருப்பார்கள். போட்டதும் மறுபடி எரிந்தால் எங்கோ ஷார்ட். சிகரெட் பெட்டித் தகட்டைச் சுற்றி ஒப்பேற்றாதீர்கள். பெட்ரோல் டேங்கை வைத்துக்கொண்டு வயரைச் சூடாக்குகிற வேலை அது.

"டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. எர்த் கேபிள் என்ஜினில் மாட்டியிருக்கும் முனையைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பிறகும் அதே "டக்" என்றால் கில் கிளிப்பைக் கழற்றிவிட்டு, என்ஜின் உச்சியில் இருக்கும் பெரிய சக்கரமான ஃபிளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் கோளாறு சோலனாய்டிலோ ஸ்டார்ட்டரிலோ இருக்கிறது, எலக்ட்ரீஷியனிடம் கொடுக்கலாம். சுற்றவே இல்லை என்றால் பலம் காட்டாதீர்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சுற்றுங்கள். துளை வழியே தண்ணீர் பீய்ச்சினால் சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. பிளக் இல்லாமலும் சுற்றவில்லை என்றால் பிஸ்டன் பிடித்துக்கொண்டுவிட்டது. இரண்டிலும் அடுத்த அடி மெக்கானிக் கடைதான்.

இந்த அளவு என்ஜின்கள் பலவற்றில் அவசரத்துக்குக் கயிறு சுற்றி இழுக்க ஃபிளைவீலில் பள்ளம் இருக்கும். கரையில் ஒருமுறை பழகி வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தண்ணீரில் கையேட்டைப் பிரித்துப் படிக்க முடியாது.

## சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

அதிகம் வருகிற புகார் இது. வரிசை மாறாமல் போங்கள்.

### கில் கிளிப்

முதலில் இதுதான். கிளிப் விழுந்திருக்கும், அல்லது பிளாஸ்டிக் தேய்ந்து சுவிட்சைச் சரியாக வெளியே இழுக்காமல் இருக்கும். அழுத்திச் சொருகிவிட்டு மறுபடி முயலுங்கள்.

### ரப்பர் பல்பு சொல்வது

டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறங்கள். பல்பில் இருக்கும் அம்புக்குறி என்ஜினைப் பார்க்க வேண்டும். பல்பைச் செங்குத்தாக, அம்பு மேலே பார்க்கும்படி பிடித்து அழுத்துங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

பல்பு கல்லாகக் கெட்டியானால் என்ஜின் வாசல் வரை பெட்ரோல் வந்துவிட்டது. குழாயை விட்டுவிட்டுப் பிளக்குக்குப் போங்கள்.

எவ்வளவு அழுத்தினாலும் தொளதொள என்றே இருந்தால் டேங்கில் பெட்ரோல் இல்லை, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. பெரும்பாலும் குழாய் முனை கனெக்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருக்கும். கனெக்டரைச் சுற்றித் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினால் ஈரம் காட்டிக் கொடுக்கும். வளையம் மட்டும் மாற்றினால் போதும். அப்படியும் சரியாகவில்லை என்றால் பல்புக்குள் இருக்கும் வால்வு போயிருக்கிறது. பல்பை மாற்றுங்கள், பிரித்துச் சரிசெய்கிற பொருள் இல்லை அது.

பல்பு சப்பிப்போய் ஒட்டிக்கொண்டு நின்றால் டேங்க் பக்கம் அடைப்பு. மூடியை மெதுவாகத் திறங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால் காற்றுத் திருகு மூடியிருந்தது, அல்லது உப்பு அடைத்திருக்கிறது. சத்தம் வரவில்லை என்றால் டேங்குக்குள் போகிற உறிஞ்சுகுழாயின் சல்லடையைப் பாருங்கள்.

### அளவுக்கு மேல் பெட்ரோல்

சோக்கை இழுத்துவிட்டு இருபது தடவை கயிறு இழுத்தவர்களுக்கு இது வரும். என்ஜின் பக்கம் பெட்ரோல் நாற்றம் குப்பென்று அடிக்கும். கார்புரேட்டர் என்ஜினாக இருந்தால் சோக்கை உள்ளே தள்ளி, நியூட்ரலில் வைத்தே த்ராட்டிலை நன்றாகத் திறந்துவிட்டு இழுங்கள். பிடித்ததும் உடனே குறைத்துவிடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து, கில் கிளிப்பைக் கழற்றிவிட்டு, பிளக் இல்லாமல் நான்கைந்து இழுப்பு இழுத்துவிட்டு, இரண்டையும் மறுபடி போடுங்கள். இன்ஜெக்‌ஷன் என்ஜின் என்றால் கையேட்டில் சொன்னபடிதான் செய்ய வேண்டும்.

### பிளக்

கழற்றிய பிளக்கைப் பார்த்தாலே பாதி தெரியும். பெட்ரோல் ஈரத்தோடு வந்தால் தீப்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அதிகம். காய்ந்து வந்தால் பெட்ரோல் உள்ளே போகவில்லை. நீர்த்துளி முத்து முத்தாக நின்றால் பெட்ரோலில் தண்ணீர்.

புது பிளக் போட்டுப் பார்ப்பதுதான் முதல் சோதனை. அதிலும் வரவில்லை என்றால் தீப்பொறி சோதிக்கும் கருவியை இடையில் மாட்டிப் பாருங்கள். விலை குறைவு, கைவசம் இருக்கட்டும். பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு இன்னொருவரை இழுக்கச் சொல்கிற பழக்கம் வேண்டாம். அடிக்கிற ஷாக் ஒருபுறம், எர்த் சரியாகப் படாமல் சுற்றினால் பொறியைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டியான சிடிஐயே போகலாம். சோதிக்கும் முன் சிந்திய பெட்ரோலைத் துடைத்து, காற்றோட்டம் விட்டுச் செய்யுங்கள்.

எந்தச் சிலிண்டரிலும் பொறி இல்லையா? கில் சுவிட்சிலிருந்து வரும் வயரைச் சோதனைக்காக மட்டும் பிரித்துப் பாருங்கள். பொறி வந்துவிட்டால் குற்றவாளி சுவிட்ச். மாற்றாமல் அப்படியே பிரித்து வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். தண்ணீரில் விழுந்தவரைச் சுற்றி ஆளில்லாத படகு வட்டமடிப்பதைத் தடுக்கத்தான் அந்தச் சுவிட்ச் இருக்கிறது. வயரைப் பிரித்தும் பொறி வரவில்லை என்றால் பொறிக்கான மின்பாகங்களான காயில், ஸ்டேட்டர், சிடிஐ ஆகியவற்றில் ஒன்று. இதற்குத் தனி மீட்டர் வேண்டும். ஒவ்வொன்றாக வாங்கி மாற்றிப் பார்ப்பவர்கள் ஒரு சிடிஐ பெட்டி விலையை வீணாக்கிவிட்டுத்தான் மெக்கானிக்கிடம் வருகிறார்கள்.

### பெட்ரோல்

இப்போது அந்தக் கண்ணாடி பாட்டில். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் எடுத்து ஊற்றி, பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். கீழே தனியாக ஒரு அடுக்கு நின்றால் தண்ணீர் கலந்திருக்கிறது.

முன்பு மழைத் தண்ணீர் புகுந்தால்தான் இந்தத் தொல்லை. இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் காற்றின் ஈரத்தையே இழுக்கும். ஒரு அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும்; என்ஜின் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மேலே புது பெட்ரோல் ஊற்றிக் கலக்கினால் சரியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆகாது. வடித்தெடுத்துவிட வேண்டும், அதையும் காயலில் கொட்டக் கூடாது.

அவுட்போர்டு கையேடுகளில் பெரும்பாலானவை 10 சதவீத எத்தனால் வரைதான் சம்மதிக்கின்றன. உங்கள் கையேட்டில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். வேறு வழியில்லாமல் இ20 போடுகிறவர்கள் மூன்று காரியம் செய்யலாம்: அந்தந்தப் பயணத்துக்கு மட்டும் வாங்குவது, ஒரு மாதத்துக்கு மேல் டேங்கில் வைக்காதிருப்பது, டேங்குக்கும் என்ஜினுக்கும் நடுவில் 10 மைக்ரான் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றைப் பொருத்துவது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் படகைக் கரையேற்றும்போது குழாயைப் பிரித்துவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும் வரை ஓட்டி நிறுத்துங்கள். தையில் எடுக்கும்போது வரும் தொல்லைகளில் பாதி இதிலேயே போய்விடும்.

### கார்புரேட்டர்

இத்தனையும் பார்த்த பிறகுதான் இதற்கு வர வேண்டும். அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி, கிண்ணத்தில் நிற்பதைப் பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீரோ பழுப்புத் துருவோ வந்தால் முழுக்க வடித்து, புது பெட்ரோல் வரவிட்டு முயலுங்கள். பல நேரம் இதிலேயே பிடித்துவிடும். இல்லையென்றால் கழற்றி, பெட்ரோல் அளந்து போகும் நுண்துளைத் திருகுகளான ஜெட்டுகளை கார்புரேட்டர் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஊசியோ கம்பியோ விடாதீர்கள். துளை மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். ஒரே என்ஜினில் இரண்டு மூன்று கார்புரேட்டர் இருந்தால், கழற்றி மாட்டிய பின் அவற்றை ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வைக்க வேண்டும். அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

## பிடிக்கிறது, கொஞ்ச தூரம் போய் அணைகிறது

துறையிலிருந்து கிளம்பும்போது நன்றாக இருக்கும். ஐந்து பத்து நிமிடம் போனதும் இருமும், அணையும். பத்து நிமிடம் கழித்து இழுத்தால் மறுபடி பிடிக்கும்.

அணையப்போகும் நேரத்தில் கூட வந்தவரை ரப்பர் பல்பை அழுத்தச் சொல்லுங்கள்.

அழுத்தியதும் என்ஜின் உயிர் பிடித்தால் பெட்ரோல் வரத்துதான் குறைவு. காற்றுத் திருகு, ஃபில்டர், குழாய், பம்ப் என்ற வரிசையில் போங்கள். குழாய் வெளியே புதிதாகத் தெரிந்தாலும் உள்சுவர் உப்பி, தோல் உரிந்து வழியை மறைத்திருக்கும். எத்தனால் பெட்ரோலில் பழைய ரப்பருக்கு இது நடக்கிறது. இதற்கு நான் நம்புகிற சோதனை ஒன்றுதான்: வேறொரு சின்ன டேங்கையும் வேறொரு குழாயையும் மாட்டி அரை மணி நேரம் ஓட்டுவது. கோளாறு மறைந்தால் என்ஜினைத் தொடவே வேண்டாம். மறையவில்லை என்றால் என்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்பின் மெல்லிய ரப்பர் சவ்வைப் பாருங்கள். கிட் விலை அதிகமில்லை, நாலு திருகு வேலை. நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயில் அளவு கோட்டைத் தாண்டி ஏறி, ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்தால் சவ்வு கிழிந்து பெட்ரோல் உள்ளே போகிறதா என்று சந்தேகப்படுங்கள். அந்த ஆயிலோடு ஓட்டக் கூடாது.

அழுத்தியும் பயனில்லை என்றால் சூடு. பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கீழே அந்தத் தலைப்புக்குப் போங்கள். தண்ணீர் ஒழுங்காக வருகிறது, அணைந்தவுடன் சோதித்தால் பொறி இல்லை, ஆறினால் பொறி வருகிறது என்றால் காயிலோ சிடிஐயோ சூட்டில் படுத்துக்கொள்கிறது. மெக்கானிக்கிடம் "ஆறினால் வருகிறது" என்று மறக்காமல் சொல்லுங்கள். கடைக்குக் கொண்டுபோன குளிர்ந்த என்ஜின் எந்தச் சோதனையிலும் தேறிவிடும்.

## வேகத்தில் சரி, மெதுவாகப் போனால் நின்றுவிடுகிறது

சோக் முழுக்க உள்ளே போயிருக்கிறதா, பிளக் கரி பிடித்திருக்கிறதா, பெட்ரோல் பழையதா. மூன்றும் சரி என்றால் குறைந்த வேகத்துக்கான சின்ன ஜெட் அடைத்திருக்கிறது. சும்மா ஓடும் வேகத்தை அமைக்கும் ஐடில் திருகை ஏற்றிவைத்துச் சமாளிப்பது தீர்வல்ல. அதிக சுற்றில் கியர் போடப் போட, கியரின் பல் தேயும்.

இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலோடு கலக்கும் ஆயில் கணக்கையும் பாருங்கள். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. "கொஞ்சம் கூடப் போனால் நல்லதுதானே" என்று ஊற்றினால் பிளக்கில் கரி கட்டும். பைக்குக்குப் போடும் 2டி ஆயிலும் வேண்டாம். தண்ணீரில் குளிர்கிற என்ஜினுக்கு டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் எழுதியது வேண்டும்.

## பக்கவாட்டில் தண்ணீர் பீய்ச்சவில்லை, அல்லது அலாரம் அடிக்கிறது

மற்ற கோளாறுகள் பொழுதைக் கெடுக்கும். இது என்ஜினையே கெடுக்கும். ஸ்டார்ட் செய்து அரை நிமிடத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்றால் அணையுங்கள். ஓடும்போது அலாரம் அடித்தாலும் அணையுங்கள். "துறை பக்கத்தில்தானே இருக்கிறது, போய்விடலாம்" என்ற அந்தக் கடைசிப் பயணம்தான் பிஸ்டனைப் பிடிக்க வைக்கிறது.

பாலித்தீன் பை. என்ஜினைத் தூக்கி, கீழ்ப்பகுதியில் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைப் பாருங்கள். நம் காயல்களில் முதல் சந்தேகம் இதுதான், இரண்டாவது பாசி.

வெளியேறும் துளை. தூண்டில் நரம்பை வெளியிலிருந்து விட்டுக் குத்துங்கள். மணல், உப்புக் கட்டி, சில மாதம் நிறுத்திவைத்த என்ஜினில் குளவி கட்டிய மண்கூடு எல்லாம் வரும். பிறகும் வரவில்லை என்றால் மேல்மூடிக்குள் அந்தத் துளைக்குப் போகும் சின்னக் குழாயைக் கழற்றிவிட்டு, சில விநாடி ஓட்டிப் பாருங்கள். குழாயிலிருந்து நன்றாக அடித்தால் அடைப்பு முனையில் மட்டும்தான். என்ஜின் குளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. குழாயிலும் இல்லை என்றால் அடுத்தது.

இம்பெல்லர். கீழ்ப்பகுதிக்குள் இருக்கும் ரப்பர்ச் சக்கரம். மணல் கலங்கிய தண்ணீரில் ஓடும் படகுக்கு வருடம் ஒன்று என்று கணக்கு வைத்து மாற்றிவிடுங்கள். தேய்ந்ததா என்று காத்திருக்க வேண்டாம். கியர் இணைப்புத் தண்டைப் பிரித்து, சில போல்ட்டுகளைக் கழற்றினால் கீழ்ப்பகுதி முழுதாக இறங்கும். உப்பில் இறுகிய போல்ட்டைப் பலமாகத் திருகி முறித்துவிடாதீர்கள். துருநீக்கி அடித்து ஒரு இரவு விடுங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் சூடுகாட்டிக் கழற்றுகிற இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

பழைய சக்கரத்தின் இதழ்களை எண்ணுங்கள். ஒன்று ஒடிந்திருந்தால் அந்தத் துண்டைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். அது மேலே போய் நீர்வழியில் குறுக்கே நிற்கும். புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையவில்லை என்று வருகிறவர்களில் சிலருக்கு இதுதான் காரணம். சக்கரம் உட்காரும் தகட்டிலும் கிண்ணத்திலும் நகம் மாட்டுகிற அளவுக்குக் கீறல் இருந்தால் அவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். தண்டில் இருக்கும் சின்னச் சாவித்துண்டு விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட். சூடு ஏறினால் திறந்து தண்ணீரை விடும் வால்வு. கழற்றி, நூலில் கட்டி, தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். திறக்க வேண்டிய சூடு கையேட்டில் இருக்கும். அந்தச் சூட்டில் திறக்கவில்லை என்றால் புதிது. துறைகளில் பலர் இதைக் கழற்றி வீசிவிட்டு "ஃப்ரீயா ஓடுது" என்பார்கள். ஓடும்தான். ஆனால் என்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பிளக் கரி பிடிக்கும், நாலு ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் ஆயிலில் இறங்கும். எனக்கு ஒப்புதல் இல்லை.

உள்ளே உப்பு. மேலே சொன்ன எல்லாம் புதிதாகியும் சூடு ஏறினால் சிலிண்டரைச் சுற்றிய நீர்வழி உப்பால் அடைபட்டிருக்கிறது, அல்லது ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ஹெட்டைக் கழற்றும் வேலை. இங்கே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுகிறது, ஆனாலும் அலாரம் அடிக்கிறது என்றால் சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நாலு ஸ்ட்ரோக்கில் அது ஆயில் அழுத்த எச்சரிக்கையாக இருக்கலாம். அணைத்து, படகு சமமாக நிற்கும்போது ஆயில் குச்சியைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் அலாரம் அடித்தால் இழுத்துக்கொண்டுதான் கரைக்கு வர வேண்டும்.

உப்புத் தண்ணீரிலிருந்து திரும்பிய ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் நல்ல தண்ணீர் ஓடட்டும். குழாய்த் தண்ணீரை உள்ளே விடச் சல்லடை மேல் மாட்டும் ரப்பர்க் காது இல்லையென்றால் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, சல்லடை மூழ்கும்படி வைத்து, நியூட்ரலில் ஓட்டலாம். தண்ணீர் இல்லாமல் "சத்தம் மட்டும் கேட்டுட்டு அணைச்சிடறேன்" என்பது இம்பெல்லரைப் பொசுக்குவது.

## என்ஜின் கத்துகிறது, படகு நகரவில்லை

கியர் உண்மையில் விழுந்ததா என்று பாருங்கள். கேபிள் முனை கழன்றிருந்தால் நெம்புகோல் மட்டும் நகரும். இதைவிடச் சின்ன 2, 3 குதிரைத்திறன் என்ஜின்களில் பலவற்றில் புரொப்பல்லரைப் பிடித்திருக்கும் சின்ன முள் ஒடிந்திருக்கும். தரைதட்டும்போது கியரைக் காப்பாற்ற, ஒடிவதற்கென்றே வைத்தது அது. அந்த இடத்தில் ஆணியையோ ஸ்டீல் போல்ட்டையோ வெட்டிப் போட்டால் அடுத்த மணல்திட்டில் ஒடிவது கியர்.

பெரிய என்ஜினில் புரொப்பல்லரின் நடுவே ரப்பர் புஷ் இருக்கும். அது வழுக்கினால் மெதுவாகப் போகும்போது படகு நகரும், த்ராட்டில் கொடுத்ததும் சத்தம் மட்டும் ஏறும். சந்தேகம் இருந்தால் நடுக்குழலிலிருந்து இதழ்ப்பகுதி வரை பெயிண்டால் ஒரு நேர்கோடு போட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்து நின்றால் புஷ் போய்விட்டது. வேகம் குறைத்தால் கரை வந்து சேரலாம்.

திரும்பும்போதும் அலையில் குதிக்கும்போதும் மட்டும் கத்தினால் புரொப்பல்லர் காற்றை இழுக்கிறது. புரொப்பல்லருக்கு மேலே இருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்துக்கு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். என்ஜின் உயரமாக மாட்டியிருக்கிறதா, வெளிப்பக்கம் அதிகம் சாய்ந்திருக்கிறதா, எல்லோரும் முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கியர் விழுந்த பிறகு "கட கட" என்று தானாகத் துள்ளி விலகினால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. அது கடை வேலை.

## முன்பு போன வேகம் இல்லை

அடியில் தேங்கிய தண்ணீர், அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பி, கூடுதல் ஆள். முதலில் இவை. பிறகு ஒருவர் த்ராட்டிலை முழுக்கக் கொடுக்க, அணைத்த என்ஜினில் கார்புரேட்டர் முழுக்கத் திறக்கிறதா என்று பாருங்கள். கேபிள் நீண்டிருந்தால் திறக்காது. சுற்றுமானி இருந்தால் முழு வேகத்தில் கையேடு சொல்லும் எல்லைக்குள், பல என்ஜின்களுக்கு 5,000 முதல் 6,000 வரை, வருகிறதா பாருங்கள். வரவில்லை, பிளக்கும் பெட்ரோலும் சரி என்றால் சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனை. சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## புதிதாக ஒரு அதிர்வு

பிச்சாவரம் மாதிரி இடத்தில் சுரபுன்னை வேரில் இடித்துவிட்டு வந்தால் புரொப்பல்லர் இதழ் வளைந்திருக்கும். கிளிப்பைக் கழற்றி, நியூட்ரலில் கையால் சுற்றி, ஒவ்வொரு இதழ் நுனியும் அசையாத ஒரு புள்ளியை ஒரே தூரத்தில் கடக்கிறதா என்று பாருங்கள். இதழ்கள் சரி, நடுத்தண்டே ஆடுகிறது என்றால் தண்டு வளைந்திருக்கிறது. ஓட்டாதீர்கள், கியர் பெட்டியின் சீல் போய்விடும். என்ஜினைப் பின்பலகையில் பிடிக்கும் போல்ட்டுகளையும் ஒரு திருகு திருகிப் பாருங்கள்.

வலை நூலோ தூண்டில் நரம்போ சுற்றியிருந்தால் வெளியே தெரிவதை அறுத்துவிட்டு நிம்மதியாகாதீர்கள். புரொப்பல்லரைக் கழற்றி உள்ளே தண்டைச் சுற்றியிருப்பதையும் எடுங்கள். சீலை அறுப்பது அதுதான்.

## கியர் ஆயில் பால் நிறத்தில் வருகிறது

தண்ணீர் புகுந்திருக்கிறது. வடிகால் திருகுகளின் கேஸ்கெட்டைத்தான் முதலில் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிது போட வேண்டிய பொருள், யாரும் போடுவதில்லை. புது ஆயிலைக் கீழ்த்துளை வழியாக ஏற்றி, மேல்துளையில் வழியும் வரை நிரப்புங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று தங்கிவிடும். இரண்டு முறை ஓட்டிவிட்டுத் திரும்பவும் வடித்துப் பாருங்கள். மறுபடி பால் என்றால் சீல் வேலை. அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கும் கருவி உள்ள கடைக்குப் போங்கள். திருகின் காந்தத்தில் மாவுபோல் ஒட்டியிருந்தால் பயமில்லை. செதில் செதிலாக இருந்தால் கியர் உதிர்கிறது.

## ஸ்டியரிங் இறுக்கம், என்ஜின் தூக்கவில்லை

ஸ்டியரிங் இறுகினால் கேபிளை என்ஜின் பக்கம் கழற்றிப் பாருங்கள். கழற்றியதும் சக்கரம் லேசாகச் சுற்றினால் என்ஜினில் கேபிள் நுழையும் குழலில் உப்பு. சுத்தம் செய்து மரைன் கிரீஸ் அடிக்கலாம். அப்போதும் இறுக்கம் என்றால் கேபிளே மாற்ற வேண்டும், அதற்குள் கிரீஸ் ஏற்ற முயல்வது வீண். மின்சாரத்தில் தூக்கும் என்ஜின் எழவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஆயில் அளவு. கரையேற அவசரம் என்றால் பக்கவாட்டில் கையால் விடுவிக்கும் திருகு இருக்கும். அதைத் தளர்த்திவிட்டுத் தூக்கலாம். என்ஜின் கனமானது, கீழே விரலை வைக்காதீர்கள்.

## என்ஜின் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது

இதில் நேரம்தான் எல்லாம். மூழ்கிய நிலையைவிட, வெளியே எடுத்து காற்றுப் பட்டதும்தான் துரு வேகமாகப் பிடிக்கும். உடனே வேலையைத் தொடங்க முடியாது என்றால் நல்ல தண்ணீர் நிரம்பிய டிரம்மில் முழுக்க அமிழ்த்தி வையுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே மூழ்கியிருந்தால் ஸ்டார்ட் செய்யவே முயலாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீரை அழுத்தி கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம். அணைந்த என்ஜின் விழுந்தது என்றால்: நல்ல தண்ணீரால் கழுவி, பிளக்குகளைக் கழற்றி, துளைகள் கீழே பார்க்கும்படி சாய்த்து, கயிற்றை மெதுவாக இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். நறநறவென்று மணல் அரைக்கும் சத்தம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுப் பிரிக்கக் கொடுங்கள். சத்தம் இல்லையென்றால் கார்புரேட்டரை வடித்து, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டுச் சுற்றி, புது பிளக், புது பெட்ரோல் போட்டு அன்றைக்கே ஓட்டிவிட வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம். நாலு ஸ்ட்ரோக் என்றால் ஸ்டார்ட் செய்யும் முன்பே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஓட்டிய பின் மறுபடி மாற்றி, பால் நிறம் போகும் வரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் என்ஜினில் பேட்டரியைப் பிரித்துவிட்டு, டிரம்மோடு வண்டியில் ஏற்றி, மெக்கானிக்குக்குப் போன் போட்டுவிட்டே கிளம்புங்கள்.